நண்பன் வேண்டாம், நகல் கொடுங்கள்

"காவல்துறை உங்கள் நண்பன்" என்று காவல் நிலையச் சுவரில் எழுதியிருப்பதைப் பார்க்காத ஆள் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. எந்த நண்பனும் இப்படிச் சுவரில் எழுதி வைப்பதில்லை என்று எங்கள் தோழர் ஒருவர் சொல்வார். அந்த நக்கல் ஒருபுறம் இருக்கட்டும். 1993-இல் ராமநாதபுரத்தில் 'போலீஸ் நண்பர்கள் குழு' என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. காவல்துறைக்கும் மக்களுக்கும் பாலமாக இருக்கும் என்றார்கள். சாத்தான்குளத்துக்குப் பிறகு, 2020 ஜூலையில், தமிழக அரசே அதற்குத் தடை போட்டது. நட்பின் பெயரால் செய்த ஏற்பாடு இருபத்தேழு ஆண்டுகளில் அப்படி முடிந்தது. அப்போதும் சுவரில் இருந்த வாசகத்தை யாரும் அழிக்கவில்லை.

உத்திரமேரூர் வட்டாரத்தில் எங்கள் சேரிகளுக்கும் அவ்வப்போது நல்லுறவுக் கூட்டம் வரும். ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலிகள், இளைஞர்களுக்கு ஒரு வாலிபால் செட். அப்படி ஒரு கூட்டத்தில், ஊர் பெயரும் நிலையத்தின் பெயரும் வேண்டாம், ஓர் அதிகாரி நல்ல மனதோடுதான் கேட்டார்: "எதுவா இருந்தாலும் நேரா ஸ்டேஷனுக்கு வாங்க. ஏன் எங்களை நம்ப மாட்டேங்கறீங்க?" யாரும் வாய் திறக்கவில்லை. பின்வரிசையில் இருந்த ஒரு பெரியம்மா மட்டும், எழுந்திருக்காமலே, "நாலு வாட்டி வந்தோமே சார்" என்றார். அதிகாரி அடுத்த பேச்சாளரை அழைத்தார்.

எங்களுக்கு அன்று உறைத்தது அந்தக் கேள்வியின் திசைதான். நம்பிக்கைக் குறைவு என்றதும் அது எங்கள் சேரியில் இருக்கும் ஒரு நோய் போலவும், மருந்தை ஜீப்பில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகலாம் என்பது போலவும் பேசுகிறார்கள். விழிப்புணர்வு எங்களுக்குத்தான், விளையாட்டுப் போட்டியும் எங்களுக்குத்தான். காவல் நிலையத்துக்குள் என்ன மாற வேண்டும் என்று பேசும் நல்லுறவுக் கூட்டம் எதையும் நாங்கள் இதுவரை பார்த்ததில்லை.

அந்தப் பெரியம்மாவின் நாலு வாட்டி என்ன என்று சொல்கிறோம். அவருடைய மகன் பாலிடெக்னிக் முடித்தவன். ஊர்த்தெரு வழியாக வண்டியில் போனதற்காக நாலைந்து பேர் மறித்து, சாதியைச் சொல்லி அடித்தார்கள். முதல் நாள் போனபோது அய்யா இல்லை, நாளைக்கு வா. இரண்டாம் நாள் "மனு எழுதிக்கினு வா". மூன்றாம் நாள் சி.எஸ்.ஆர். போட்டு ஒரு ரசீது. அதை வழக்கு என்றே அவர் நினைத்துக்கொண்டிருந்தார். (மாணவர்கள் கவனிக்க: சி.எஸ்.ஆர். என்பது மனுவை வாங்கிக்கொண்டதற்கான ரசீது, அவ்வளவுதான். முதல் தகவல் அறிக்கை வேறு. எங்கள் பக்கம் பாதிப் பேர் ரசீதை மடித்துப் பத்திரமாக வைத்துக்கொண்டு வழக்கு நடப்பதாக நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.) நாலாம் நாள் நாங்கள் கூடப் போனோம்.

ரைட்டர் எழுதி வைத்திருந்த வாக்குமூலத்தில் கையெழுத்துக் கேட்டார்கள். பெரியம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, வாய்மொழியாகச் சொன்ன புகாரை எழுதி, கையெழுத்து வாங்கும் முன் புகார்தாரருக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்று சொல்கிறது. அது காவலர் செய்யும் உபகாரம் கிடையாது. கடமை. வேண்டுமென்றே செய்யாவிட்டால் பட்டியல் சாதி, பழங்குடியைச் சேராத அரசு ஊழியருக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை உண்டு. வாசியுங்கள் என்று கேட்டோம். கொஞ்சம் முறைத்துவிட்டு ஓர் இளம் காவலரிடம் தாளைக் கொடுத்தார்கள். அவர் வாசித்தார். "வாகனம் ஓட்டிச் சென்றது தொடர்பாக இரு தரப்பினருக்கும் இடையே வாய்த்தகராறு ஏற்பட்டு" என்று ஆரம்பித்து அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது.

பெரியம்மா கேட்டார்: "இதுல என் புள்ளைய அடிச்சது எங்க? எங்க சாதியச் சொல்லித்தானே அடிச்சான், அது எங்க?"

"அதெல்லாம் விசாரணையில வரும்மா."

வராது. முதல் தாளில் இல்லாத சாதி குற்றப்பத்திரிகையில் வந்து நாங்கள் பார்த்தது அபூர்வம். பிறகு நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கும் முதல் கேள்வியே "இதை முதலில் ஏன் சொல்லவில்லை" என்பதுதான். அவர் சொன்னார், எழுதவில்லை என்பதை நிரூபிக்க அந்த அம்மாவிடம் என்ன இருக்கிறது?

அதற்குள் எதிர்ப்புகாரும் வந்துவிட்டது. பையன் செல்போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடினானாம். இங்கேதான் விஷயம் கனக்கிறது. அந்தப் பையன் காவலர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தான். காலை ஐந்து மணிக்கு ஏரிக்கரையில் ஓடுவான், கயிறு ஏறுவான். "பையன் போலீஸ் வேலைக்குப் போகணுங்கறீங்க. கேஸ் இருந்தா வெரிஃபிகேஷன்ல நிக்குமா? ரெண்டு பேரும் எழுதிக் குடுத்துட்டுச் சமாதானமாப் போங்க" என்றார்கள். மிரட்டல் என்று அதைச் சொல்ல முடியாது, அவ்வளவு அக்கறையான குரல். எங்கள் பக்கத்து வன்கொடுமைப் புகார்களில் பாதி இந்த அக்கறையில்தான் செத்துப்போகின்றன. பெரியம்மா களை எடுக்கப் போவதும் அடித்தவர்களின் பங்காளி நிலத்துக்குத்தான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அன்றிரவு அந்த வீட்டில் நடந்த பேச்சில் நாங்கள் வாயைத் திறக்கவில்லை. வேலையை இழக்கப் போவது நாங்கள் இல்லை. முடிவெடுத்தது பையன்தான். "எழுதிக் குடுத்துட்டு அந்த யூனிஃபார்ம போட்டா, நாளைக்கு நானும் இதையேதான் எழுத வைப்பேன்" என்றான்.

1995-ஆம் ஆண்டு விதிகளில் 5-ஆம் விதி இருக்கிறது. நிலைய அதிகாரி பதிவு செய்ய மறுத்தால் எழுத்து மூலமாக, தபாலிலேயே, எஸ்.பி.க்கு அனுப்பலாம். பதிவுத் தபாலில் அனுப்பினோம். வழக்குப் பதிவானது. விதிப்படி டி.எஸ்.பி. விசாரிக்க வந்தார். எதிர் வழக்கும் அப்படியே நிற்கிறது. இரண்டும் நடக்கின்றன. வெற்றி என்று இதைச் சொல்லமாட்டோம். ஆனால் முதல் தகவல் அறிக்கையின் நகலைப் பெரியம்மா ரேஷன் கார்டு வைக்கும் உறையில் வைத்திருக்கிறார். கேட்டால் எடுத்துக் காட்டுகிறார். காவல்துறையை அவர் நம்புகிறாரா என்று கேட்டால் தெரியாது. அந்தத் தாளை நம்புகிறார்.

நம்பாமை என்பது அறியாமையால் வருவது அல்ல. எங்கள் பெரியவர்களுக்கு நினைவு இருக்கிறது, அதனால் வருவது. 1994 அக்டோபர் 10 அன்று, உத்திரமேரூரும் அடங்கியிருந்த அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்தைக் கேட்டுப் போன மக்கள் மீது செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஜான் தாமஸும் ஏழுமலையும் இறந்தார்கள். அவர்கள் கேட்டது புதிதாக எதையும் அல்ல. இதே மாவட்டத்தின் ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர் 1891-இல் எழுதிய அறிக்கையின் பேரில், 1892-இல் அரசு தருவதாக ஆணையிட்ட நிலத்தைத்தான் கேட்டார்கள். அரசின் தாளைக் கையில் வைத்துக்கொண்டு போனவர்கள் மீதுதான் சுட்டார்கள். பிறகு பரமக்குடி: 2011 செப்டம்பர் 11, இமானுவேல் சேகரன் நினைவு நாள், ஆறு பேர். பிறகு வேங்கைவயல். 2022 டிசம்பரில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. குற்றப்பத்திரிகை அதே குடியிருப்பைச் சேர்ந்த மூன்று பேர் மீது வந்தது. அது சரியா என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். அந்தக் குடியிருப்பு மக்கள் அதைக் கேட்டவுடனே ஏற்க மறுத்தார்களே, அதைப் புரிந்துகொள்ள உத்திரமேரூரிலிருந்து புதுக்கோட்டைக்குப் போக வேண்டியதில்லை.

எல்லா இடத்திலும் சண்டை ஒரே இடத்தில்தான் தொடங்குகிறது என்று எங்களுக்குத் தோன்றுகிறது. முதல் வரியை யார் எழுதுவது? சாத்தான்குளத்தில் ஜெயராஜ், பென்னிக்ஸ் மீது போட்ட முதல் தகவல் அறிக்கையில், அவர்கள் தரையில் உருண்டு புரண்டதால் ஊமைக்காயம் ஏற்பட்டது என்று எழுதியிருந்தார்கள். 1993-இல் ராஜாக்கண்ணு தப்பி ஓடிவிட்டார் என்றார்கள். 'ஜெய் பீம்' படத்தில் நீங்கள் பார்த்த கதை. கைதானவர்கள் கை முறிந்து மாவுக்கட்டோடு நின்றால், கழிவறையில் வழுக்கி விழுந்தார்கள் என்று செய்தி வரும். நம் ஊர்க் கழிவறைகள் மீது எவ்வளவு பெரிய பழி! 2020 மே 25 அன்று அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்ட இரவு, அந்த நகரக் காவல்துறை வெளியிட்ட முதல் அறிக்கையின் தலைப்பும் இந்த ரகம்தான். போலீசாரோடான சந்திப்பின்போது உடல்நலக் கோளாறு ஏற்பட்டு ஒருவர் இறந்தார் என்றது. கழுத்தில் இருந்த முழங்கால் அதில் இல்லை. தெருவில் நின்று செல்போனில் படம் எடுத்த ஒரு பதினேழு வயதுப் பெண் இல்லையென்றால் அந்த வரியே வரலாறாகியிருக்கும். சிகாகோவில் 2014 அக்டோபரில் லாக்குவான் மெக்டொனால்ட் என்ற பதினேழு வயதுக் கறுப்பினப் பையன் மீது பதினாறு குண்டுகள் பாய்ந்தன. கத்தியோடு பாய்ந்தான் என்றார்கள். போலீஸ் வண்டியின் கேமரா பதிவை வெளியே கொண்டுவர நீதிமன்ற உத்தரவும் பதின்மூன்று மாதங்களும் தேவைப்பட்டன. படத்தில் பையன் விலகித்தான் போய்க்கொண்டிருந்தான். அந்தப் பதின்மூன்று மாதங்களில் சிகாகோ காவல்துறையை நம்புங்கள் என்று கறுப்பின மக்களிடம் யார் போய்ச் சொல்லியிருக்க முடியும்?

நம்மிடம் கேமரா இல்லாமல் இல்லை. 2020 டிசம்பர் 2 அன்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம், எல்லாக் காவல் நிலையங்களிலும் சிசிடிவி வேண்டும், பதிவுகளைப் பதினெட்டு மாதம் வைத்திருக்க வேண்டும், அந்த வசதியே இல்லாத இடத்திலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது என்றது. சாத்தான்குளம் நிலையத்தில் கேமரா இருந்தது. பதிவுகள் தினமும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததாக விசாரிக்கப்போன மாஜிஸ்திரேட் எழுதினார். கருவி வாங்கிவிட்டால் வெளிப்படைத்தன்மை வந்துவிடும் என்று நம்புகிற தோழர்களுக்காக இதைச் சொல்கிறோம். பதிவு யார் கையில் இருக்கிறது, யார் கேட்டால் கொடுக்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

அதே சாத்தான்குளத்தில் உண்மையைச் சொன்னவரும் ஒரு காவலர்தான், தலைமைக் காவலர் ரேவதி. இதை நாங்கள் அடிக்கடி எங்களுக்குள் சொல்லிக்கொள்கிறோம். பெரியம்மாவின் வாக்குமூலத்தை வாசித்த அந்த இளம் காவலரும் நம்மவர்தான். வெளியே வந்து டீக்கடையில் எங்களைப் பார்க்காதது போல நின்று, "அண்ணே, எஸ்.பி. ஆபீசுக்கு ரிஜிஸ்டர் போஸ்ட்ல அனுப்புங்க" என்று சொல்லிவிட்டுப் போனவர் அவர். சட்டத்தில் இருப்பதைச் சொல்வதற்கே அவர் திரும்பிப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. நிலையத்துக்குள் அவரை மற்றவர்கள் எப்படி நடத்துகிறார்கள் என்று கேட்க எங்களுக்கு மனம் வரவில்லை. நம்மவர்களைக் காவல்துறையில் சேர்த்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்பதும் பாதி உண்மைதான். ஒற்றை ஆள் உள்ளே போய் அந்த நாற்காலியின் பழக்கத்தை மாற்ற முடியாது.

எங்கள் குழுவிலேயே இதில் சண்டை உண்டு. சட்டக் கல்லூரியில் படிக்கும் தங்கை ஒருத்தி, நல்லுறவுக் கூட்டங்களுக்குப் போவதே தவறு, போட்டோவில் நம் முகம் வருவதற்குத்தான் கூப்பிடுகிறார்கள் என்கிறாள். அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் போகாமல் இருந்தால் பெரியம்மாவின் "நாலு வாட்டி" யார் காதிலும் விழாது. போக வேண்டும், தாளோடு போக வேண்டும் என்பது எங்கள் முடிவு. 1966-இல் ஓக்லாந்து நகரில் தொடங்கப்பட்ட கருஞ்சிறுத்தைகள் போலீஸ் வண்டிகளைப் பின்தொடர்ந்து, தெருவில் மறித்து விசாரிக்கும் இடத்தில் சட்டப் புத்தகத்தோடு போய் நிற்பார்கள். அவர்கள் கையில் இருந்த துப்பாக்கியைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், புத்தகத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 1972-இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் அவர்களிடமிருந்துதான் பெயரை எடுத்துக்கொண்டார்கள். பெயரோடு அந்தப் புத்தகத்தையும் எடுத்துக்கொள்வோம் என்பதே எங்கள் யோசனை.

புத்தகத்தில் இருப்பது கொஞ்சநஞ்சமில்லை. 2018 திருத்தத்தில் வந்த 18ஏ பிரிவின்படி, வன்கொடுமை வழக்கைப் பதிய முன்விசாரணை தேவையில்லை, கைது செய்ய யார் ஒப்புதலும் தேவையில்லை. 2024 ஜூலை முதல் வந்திருக்கும் புதிய நடைமுறைச் சட்டத்தில் சில குற்றங்களுக்குப் பதினான்கு நாள் முன்விசாரணை வைத்திருக்கிறார்கள். அதைக் காட்டி உங்களைத் திருப்பி அனுப்பினால் 18ஏ-வைக் காட்டுங்கள். அதே புதிய சட்டத்தில் ஒரு நல்லதும் உண்டு. விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதைத் தொண்ணூறு நாட்களுக்குள் புகார்தாரருக்குச் சொல்ல வேண்டும். நாங்கள் கூடப் போன வழக்கு எதிலும் அவர்களாக வந்து சொன்னதில்லை. எழுதிக் கேட்டால் பதில் வருகிறது, சில சமயம். சாதிச் சான்றிதழ் கொண்டுவந்தால்தான் பதிவோம் என்பது இன்னொரு பழைய தந்திரம். வழக்குப் பதிய அது நிபந்தனை என்று சட்டத்தில் எங்கேயும் இல்லை.

அதிகாரிகளைத் தண்டித்தால் சரியாகிவிடுமா? 2025 செப்டம்பரில் நம் மாவட்டத்திலேயே ஒன்று நடந்தது. வாலாஜாபாத் பகுதி வன்கொடுமை வழக்கில் நடவடிக்கை எடுக்கவில்லை என்று காஞ்சிபுரம் மாவட்ட நீதிபதி ஒரு டி.எஸ்.பி.யையே காவலில் வைக்க உத்தரவிட்டார். மறுநாளே உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்து, அந்த உத்தரவின் பின்னணியை விசாரிக்கச் சொன்னது. இரண்டு நாள் தொலைக்காட்சியில் ஒரே பரபரப்பு. சீருடையோடு டி.எஸ்.பி., நீதிபதிக்கு என்ன நோக்கம், யாருக்கு யார் மேல் கோபம். புகார் கொடுத்தவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்ட சேனல் எதையும் நாங்கள் பார்க்கவில்லை. யார் செய்தது சரி என்பதற்குள் நாங்கள் போகவில்லை. கடமை தவறிய அதிகாரியைக் கேட்க ஓர் ஒழுங்கான வழி இல்லாதபோது விஷயம் இப்படி நாடகமாகத்தான் வெடிக்கும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி அதிகாரி மீது வழக்குப் போடவே துறை விசாரணையின் பரிந்துரை வேண்டும். காவல்துறை மீதான புகார்களுக்குத் தனி ஆணையம் வேண்டும், ஓய்வு பெற்ற நீதிபதி தலைமை வகிக்க வேண்டும் என்று பிரகாஷ் சிங் வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாடு 2013-இல் சட்டம் போட்டு, உள்துறைச் செயலாளரைத் தலைவராக்கிவிட்டது. காவல்துறையை நடத்துகிற துறையிடமே காவல்துறையைப் பற்றிப் புகார்.

உத்திரமேரூர் என்றாலே கல்வெட்டு என்பார்கள். வைகுண்டப் பெருமாள் கோயிலில் பராந்தக சோழன் காலத்து, கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளின் குடவோலைக் கல்வெட்டுகள். ஜனநாயகத்தின் தாய்வீடு என்று பேருந்து பேருந்தாக மாணவர்களைக் கூட்டிவந்து காட்டுகிறார்கள். சொந்த நிலமும் சொந்த மனையில் வீடும் வேதப் பயிற்சியும் உள்ளவர்களே நிற்க முடிந்த பிராமணச் சபை அது என்பதை யாரும் சொல்வதில்லை. சேரிக்கு அந்தக் குடத்தில் ஓலை இல்லை. ஆனாலும் அதில் ஒரு விதி எங்களுக்குப் பிடிக்கும். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்க முடியாது, அவனுடைய உறவினர்களும் நிற்க முடியாது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் ஏரி வாரியத்துக்கு இருந்த இந்தக் கட்டாயம் இன்று எந்தக் காவல் நிலையத்துக்கு இருக்கிறது?

கணக்குக் கேட்க ஓர் இடம் இருக்கிறது. 17-ஆம் விதிப்படி ஆட்சியர் தலைமையில் மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். எத்தனை புகார் வந்தது, எத்தனை பதிவானது, எத்தனை வழக்கில் அறுபது நாளில் குற்றப்பத்திரிகை போனது, எத்தனை பேருக்கு நிவாரணம் சேர்ந்தது என்று அங்கே பேச வேண்டும். அந்தக் கூட்டக் குறிப்பைத் தமிழில் அச்சடித்து ஒவ்வொரு காவல் நிலையத்தின் அறிவிப்புப் பலகையிலும், ஒவ்வொரு காலனி நூலகத்திலும் ஒட்டுங்கள் என்பதுதான் எங்கள் கோரிக்கை. வாலிபால் செட்டை விடச் செலவு குறைவு. போன வருடக் கூட்டக் குறிப்புகளைக் கேட்டுப் பத்து ரூபாய் ஸ்டாம்பு ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டிருக்கிறோம். முப்பது நாள் இன்னும் முடியவில்லை.

அடுத்த நல்லுறவுக் கூட்டத்துக்கும் போகிறோம். தங்கையும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள், போட்டோவுக்கு நிற்கமாட்டேன் என்ற நிபந்தனையோடு. செய்யாறு, மதுராந்தகம் பக்கத்து மாணவர்கள் வருவதானால் முதல் நாளே சொல்லுங்கள், பெரியம்மா வீட்டில் சாப்பாடு. அவரவர் ஊரில் ரசீதாகவே நின்றுபோன சி.எஸ்.ஆர்.களின் ஜெராக்ஸ் எடுத்து வாருங்கள், தேதியோடு.